சாவியும் ஊசியும் சுமந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். படையலுக்கும் பந்திக்கும் நடுவில் உட்கார்ந்து புரட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு எடுத்துப் போய் அலமாரியில் பத்திரப்படுத்துகிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன். நாள், கிழமை எங்காவது பிசகியிருந்தால் மூத்தவர்கள் திருத்தித் தர வேண்டும்.

அக்கா பிறந்தது கிளியனூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில். பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் என்பது அம்மாவின் கணக்கு. பள்ளிச் சான்றிதழோ ஜூன் மாதம் முதல் தேதி என்கிறது. முதல் வகுப்பில் சேர்த்தபோது வாத்தியார் தாமாகப் போட்டுக்கொண்ட தேதி அது. எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்தாம். அக்கா பிற்காலத்தில் வேலை பார்த்த வங்கி சான்றிதழை ஏற்றது. நான் அம்மாவை ஏற்கிறேன்.

எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் மூட்டை தூக்கினார். மல்லாட்டை வராத மாதங்களில் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். அம்மா களை எடுக்கவும் நடவுக்கும் போனார். அக்காவும் நானும் இரண்டே பிள்ளைகள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

நோய் வந்தபோது அக்கா ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம், அடைமழை. அந்த மழையிலும் அக்கா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். சாப்பிட்டாலும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு நாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டார். திண்டிவனத்தில் பார்த்தவர்கள், உடனே புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அங்கேதான் இது சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை நோய் என்றும், உடம்பில் சுரக்க வேண்டிய இன்சுலின் சுரக்கவில்லை, அதைத் தினமும் ஊசியாகப் போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அப்பா அந்த மருத்துவரிடம் கேட்டதைப் பிற்காலத்தில் பலமுறை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

“எத்தினி நாளைக்குங்க டாக்டரம்மா ஊசி?”

“உசுரோட இருக்கற வரைக்கும் போடணும்பா.”

“அப்ப ஊசி போட்டா உசுரோட இருப்பான்னு சொல்றீங்க. போட்டுடலாங்க.”

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மின்சாரமே ஒற்றை விளக்குக்குத்தான். அம்மா ஒரு பானையில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் சின்னச் சட்டி ஒன்றைப் பதித்து, அதில் மருந்துக் குப்பியை வைத்தார். மணல் காயாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிதான். காலையில் அடுப்பில் முதலில் ஏறுவது உலை அல்ல, ஊசி வேகும் கிண்ணம். ஒரு வாரம் அம்மா போட்டுவிட்டார். அதன்பின் அக்கா, “நீ கண்ண மூடிக்கினு குத்துற, நானே போட்டுக்கறேன்” என்று வாங்கிக்கொண்டார். கடைசி வரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

உறவினர்கள் சிலர் படிப்பை நிறுத்திவிடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. அக்கா திண்டிவனத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தார். மதிய உணவுப் பையோடு ஊசிப் பெட்டியும் போகும். பட்டம் வாங்கிய பிறகு வங்கித் தேர்வு எழுதினார். முதல் முறை கிடைக்கவில்லை. மறுமுறை எழுத்தர் வேலைக்குத் தேர்வானார். வேலையில் சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அந்த மருத்துவரிடம் அக்கா எதையும் மறைக்கவில்லை. அவர், “ஊசிய ஒழுங்கா போட்டுக்கினா வேல பாக்கலாம். இந்த வார்த்தைய நீங்கதான் எனக்குக் காப்பாத்திக் குடுக்கணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் பெயரை எவ்வளவோ முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

பணியிடம் விழுப்புரம். திண்டிவனத்தில் வாடகை வீடு பிடித்து, அங்கிருந்து தினமும் பேருந்து. அலுவலகத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பது பல ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாது. மதிய ஊசியை அக்கா பழைய பதிவேடுகள் அடுக்கிய அறைக்குள் போய்ப் போட்டுக்கொள்வார். ஒரு நாள் தலைமைக் காசாளர் ஐயா ஏதோ எடுக்க அந்தக் கதவைத் திறந்துவிட்டார். அக்கா கையில் ஊசி.

“மேடம், இன்னா காரியம் பண்றீங்க” என்று அவர் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாராம். ஏதோ விபரீதம் என்றே நினைத்திருக்கிறார். அக்கா உட்கார வைத்து விளக்கினார். ஐயா கேட்டு முடித்துவிட்டு, “இவ்ளோதானா. நான் பயந்தே பூட்டேன்” என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. அந்த அறைக் கதவைத் திறக்கும் முன் மட்டும் எப்போதும் இருமுவார். சளி இல்லாத இருமல் அது என்று அக்கா சிரிப்பார்.

திருமணம் நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்பா முதல் வார்த்தையாக நோயைச் சொல்வார், அவர்கள் காப்பியைக் கூட முடிக்காமல் எழுந்து போவார்கள். பிறகு அக்காவின் கணவரான மாமா ஒருவர்தான் எழுந்து போகாமல், ஊசி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டார். அவர் விக்கிரவாண்டிக்கு அப்பால் சர்க்கரை ஆலையில் எடை மேடையில் பணியாற்றினார். சர்க்கரை ஆலைக்காரருக்குச் சர்க்கரைப் பெண்டாட்டி என்று ஊரில் கேலி பேசினார்கள். மாமா, “எனக்கு ஆலையில எடை போடுற வேல, ஊட்ல எடை போடுற வேல இல்ல” என்று சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மருத்துவரோடு பேசி இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. என் மகளைத் தங்கள் மகளாகவே வளர்த்தார்கள்.

எழுத்தராகப் பல ஆண்டுகள் இருந்தபின் அக்கா அதிகாரியாகப் பதவி உயர்ந்தார். அதோடு சாவி வந்தது. வங்கிக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். கிளையின் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று ஓர் அதிகாரியிடம், மற்றது தலைமைக் காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் சாவியை மற்றவர் தொடக் கூடாது. மாலையில் அவரவர் சாவியை அவரவர் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். சாவிப் பொறுப்பில் இருந்து பழகாதவர்களை மேலாளர் பதவிக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். அக்காவுக்கு மேலாளராக வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை.

இனி அந்த ஆடி வெள்ளிக்கு வருகிறேன். இதை அக்காவிடமும் தலைமைக் காசாளர் ஐயாவிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டிருக்கிறேன். இருவரும் ஒரே ஒரு இடத்தில்தான் வேறுபடுகிறார்கள். அதையும் சொல்கிறேன்.

ஊசி போட்டபின் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தவறினால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் ஒரு கை சர்க்கரை போதும், சரியாகிவிடும். கிடைக்காவிட்டால் நினைவு தப்பிவிடும். அன்று வட்டார அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தது. சீக்கிரம் போக வேண்டுமென்று அக்கா வீட்டில் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, கிளையில் போய்ச் சாப்பிடலாம் என்று இட்லியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பையில்தான் குளுக்கோஸ் பொட்டலம், கைப்பேசி, பெட்டக அறைச் சாவி எல்லாம்.

ஆடி மூன்றாம் வெள்ளி. ஊருக்கு ஊர் கூழ் வார்க்கும் நாள். பேருந்தில் நிற்கவும் இடமில்லை. நம் பக்கத்தில் கூட்டத்தில் நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவதும், அவர் முகம் கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்வதும் எல்லோரும் செய்வதுதானே. அக்காவும் பக்கத்து இருக்கையில் இருந்த முகம் தெரியாத ஓர் அம்மாவிடம் பையைக் கொடுத்தார். ஏறியவர்கள் தள்ளித் தள்ளி, அக்கா பின்வாசல் வரை போய்விட்டார். பை முன்பக்கத்தில்.

அப்போது நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். விக்கிரவாண்டிக்கு முன்னால் லாரிகள் அடைத்துக்கொண்டு வண்டி நகரவில்லை. அக்காவுக்கு வேர்க்கத் தொடங்கியது. முன்னால் போகப் பார்த்தார், முடியவில்லை. “பை, பை” என்று சொன்னதாக அவருக்கு நினைவு. அது வார்த்தையாக வெளியே வந்ததா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னா காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துருக்குது” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டதாம். வாழ்நாளில் சொட்டு மது தொடாதவர் அக்கா.

விக்கிரவாண்டியில் நடத்துநர் இறக்கிச் சாலையோரச் சாப்பாட்டுக் கடை நிழலில் உட்கார வைத்தார். குறை சொல்ல முடியாது. பின்னால் வண்டிகள் ஒலிப்பான் அடித்துக்கொண்டிருந்தன. கூட்டத்தை வைத்துக்கொண்டு அவர் நிற்க முடியாது. பேருந்து போனது. அதோடு பையும் போனது.

கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மாஸ்டர் கையைக் கூடக் கழுவாமல் வந்து பார்த்தாராம். “யோவ், இது தண்ணி இல்லய்யா. எங்கப்பனுக்கு இப்பிடித்தான் வேர்க்கும். ஜல்தி, சர்க்கர எடுத்தா” என்று பையனை விரட்டினார். இங்கேதான் அந்த வேறுபாடு. அக்கா தனக்குக் கொடுத்தது பன்னீர் சோடா என்பார். ஐயா சர்க்கரை கொட்டிய டீ என்கிறார். மயக்கத்தில் இருந்தவர் அக்கா, பிறகு வந்தவர் ஐயா. எதை ஏற்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எதுவானாலும் அக்கா பிழைத்தார்.

தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “பஸ்ஸு எங்க?” என்பது. கடைத் தொலைபேசியில் கிளைக்குக் கூப்பிட்டார். எடுத்தவர் தலைமைக் காசாளர். அடுத்த நிமிடம் மொபெட்டை எடுத்துக்கொண்டு விக்கிரவாண்டிக்குப் பறந்து வந்தார். அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குத் திரும்பினார். சாவி கிடைக்காவிட்டால் பூட்டையே மாற்ற வேண்டும், விசாரணை வரும், ஒருவேளை வேலையே போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

திண்டிவனம் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில், இரண்டு பைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்துகூட வரவில்லை.

“இன்னாம்மா இது, பைய குடுத்துட்டு எங்க போயிட்ட? எம்பொண்ணு ஊட்டுக்குப் போற வண்டி ரெண்ட வுட்டுட்டு குந்திக்கினு இருக்கேன்.”

அக்கா பையை வாங்கி உள்ளே கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். ஐயாதான் கேட்டார். “தொறந்து பாத்தீங்களாம்மா?”

“அடுத்தவங்க பைய நான் இன்னாத்துக்கு தொறக்கறேன்? கனமா இருந்துச்சி. சோறா இருக்கும், வெய்யில்ல ஊசிப் பூடுமேன்னுதான் கவலயா இருந்துச்சி.”

தம் ஊர் பிரம்மதேசம் பக்கம் என்று மட்டும் அவர் சொன்னார். வண்டி வந்துவிட்டது, ஏறிவிட்டார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்று அக்கா கடைசி வரை வருந்தினார்.

கிளையில் வாசல் வரை வாடிக்கையாளர்கள். உள்ளே ஆய்வு அதிகாரிகள். சாவியைப் போட்டுத் திறந்ததும் மேலாளர் தம் அறைக்கு வரச் சொன்னார். அதற்கு முன் ஐயா அக்காவைப் பதிவேட்டு அறைப் பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மேடம், பஸ்ஸு லேட்டு, கூட்டத்துல பை மாறிப் போச்சின்னு சொல்லிடுங்க. பொய்யும் இல்ல. நோவு கீவுன்னு வாயத் தொறந்தீங்க, சாவி போயிடும். சாவி போனா மேனேஜர் வேலயும் போச்சி.”

“லேட்டுன்னு சொன்னா பொறுப்பில்லாதவன்னு ஆவும் சார். நோவுன்னு சொன்னா நோவாளின்னு ஆவும்.” அக்கா இன்னொன்றும் சொன்னாராம். “நான் நோவாளிதானே சார்.”

மேலாளரிடம் அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். கேட்டு முடித்துவிட்டு, “இத்தனை வருஷமா தெரியாதேம்மா” என்றார். “சாவியை இப்போதைக்கு இன்னொருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. மேலே கேட்டுச் சொல்றேன்.” அவர் கோபப்படவில்லை. அதுதான் தனக்கு அதிக பயத்தைத் தந்தது என்பார் அக்கா.

அந்த ஆடியும் ஆவணியும் அக்கா சாவி இல்லாமல் வேலைக்குப் போனார். புதுச்சேரி மருத்துவர், இவர் இத்தனை ஆண்டுகளாக நோயை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மாமா, “சாவி போனா போவுது, நீ நல்லா இருந்தா போதும்” என்றார். அக்கா தட்டை நகர்த்தி வைத்தார்.

“போனா போவுதுன்னு நீங்க சொல்லாதீங்க. ஊரு சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க.”

மாமா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறொன்று செய்தார். விழுப்புரத்தில் கிளைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்துக் குடித்தனத்தை மாற்றினார். இனி சாவியோடு பேருந்தில் போக வேண்டியதில்லை. தாம் ஆலைக்குப் பேருந்தில் போனார்.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. மேலாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிளையில் இருந்த எல்லோரையும், கடைநிலை ஊழியர் முதற்கொண்டு, உட்கார வைத்தார். தம் நோயைச் சொன்னார். சர்க்கரை இறங்கினால் தாம் எப்படி இருப்போம் என்று சொன்னார். “சம்பந்தம் இல்லாம பேசுவேன். எழுதறது தப்பும். காரணம் இல்லாம கோவம் வரும். அப்ப சர்க்கர குடுங்க. வாணாம்னு சொல்லுவேன். கேக்காதீங்க, திட்டிக் குடுங்க.”

எழுத்தர் ஒருவர் எழுந்தார். “மேடம், நீங்க சாதாரணமாவே கோவப்படுவீங்களே. எப்பிடிக் கண்டுபுடிக்கறது?”

எல்லோரும் அக்கா முகத்தைப் பார்த்தார்கள். அக்கா, “வேர்த்தா சர்க்கர. வேர்க்கலன்னா நெசக் கோவம், தள்ளிப் போயிடுங்க” என்றார். கிளையே சிரித்தது. அலுவலகத்தில் அத்தனை ஆண்டுகளாக ஒளித்து வைத்திருந்த ஒன்றை நாலு பேர் சிரிக்கும்படி சொல்ல முடியும் என்று தனக்கு அன்றுவரை தெரியாது என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மேலாளர் அன்று தம் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புரட்டாசி பிறந்து சில நாளில் மேலிடத்திலிருந்து, கிளை மேலாளர் தம் பொறுப்பில் முடிவெடுக்கலாம் என்று பதில் வந்தது. மறுநாள் காலை அவர் அக்காவை அழைத்துச் சாவியை மேசைமேல் வைத்தார். “வேர்த்தா சர்க்கரை. சரிதானேம்மா?” என்றார். பாடம் ஒப்புவிக்கும் பிள்ளை போலக் கேட்டாராம். அக்கா தலையசைத்துச் சாவியை எடுத்துக்கொண்டார். அதன்பின் எந்தப் பையிலும் வைக்கவில்லை. இடுப்பில் கட்டிய சுருக்குப் பையில்தான்.

பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். அக்கா துணை மேலாளராகி, திண்டிவனத்துக்கே கிளை மேலாளராக வந்தார். அந்தச் செய்தியைக் கேட்க அப்பா இருந்தார், அம்மா இல்லை. முதல் நாள் அப்பா சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்து, மேலாளர் அறையில் போட்டிருந்த வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காராமல் நின்றார். அக்கா எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். “நான் மண்டியில இதுமாரி நாற்காலிய தூக்கித்தான் போட்டுருக்கேன், குந்துனதில்ல” என்றார் அப்பா.

திண்டிவனம் சுற்றுப்பட்டில் அக்காவுக்கு ‘ஊசி மேடம்’ என்று பெயர். பிள்ளைக்குச் சர்க்கரை என்று தெரிந்து இடிந்து போய் வருகிற பெற்றோரை, யாராவது அக்காவிடம் அனுப்பி வைப்பார்கள். ஒருமுறை நான் அங்கே இருந்தபோது, ஒரு சின்னப் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். “பொண்ணு பொழைக்குமாம்மா?” என்று கேட்டு அழுதார். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்து, “நான் பொழச்சிக்கினு தானே இருக்கேன். குந்து. காலையில இன்னா சாப்ட்ட?” என்றார். அந்தப் பெண், “கேப்பக் களி” என்றது. “நல்லது. எத்தினி உருண்ட?” என்று பேச்சு போனது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மகளைத் திருத்தத் தொடங்கிவிட்டார். “பொய் சொல்லுதுங்க, ரெண்டு உருண்ட துன்னுச்சி.”

அக்கா சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர்தான். தப்பான விண்ணப்பத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பிக் கொடுப்பார். உறவினர்களுக்காக எந்த விதியையும் வளைத்ததில்லை. நம்மில் சிலருக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கலாம். எனக்கும் ஒருமுறை கடன் மறுத்திருக்கிறார். அவர் மறுத்தது சரி என்பது பிறகு தெரிந்தது.

நோய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. முதலில் கண், பிறகு சிறுநீரகம். இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாரத்தில் சில நாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. முடிந்த வரை விடுப்பெடுத்துச் சமாளித்துவிட்டு, சான்றிதழ்படி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தாமாகப் பணியிலிருந்து விலகினார். கடைசி நாள் சாவியை ஒப்படைத்தபோது ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். “வாங்கிக்கினவரு புதுசு. இடுப்புல கட்டிக்கோங்கன்னு சொன்னேன்” என்றார்.

மாசி மாதத்தில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு தெளிவாகவே இருந்தது. மறைவதற்கு முந்தைய மாலை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“டேய், நீ மலரு போடுவ. எனக்குத் தெரியும். ‘சில காலம் உடல்நலம் குன்றி’ன்னு எழுதன, எழுந்து வந்து ஒதைப்பேன். நோவு பேர எழுது.”

எழுதுகிறேன் என்றேன். மறுநாள் விடியற்காலை, மாமா கையைப் பிடித்தபடி இருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, மலர் வேலையைத் தொடங்கியதும் அது எளிதாக இல்லை. என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல இடம். ஏறக்குறைய முடிவாகும் நிலை. எழுதியதைப் படித்துப் பார்த்த சித்தப்பா, எங்கள் குடும்பத்தில் இப்போது மூத்தவர், என்னை உட்கார வைத்தார்.

“ஊட்ல பொண்ண வச்சிக்கினு இத அச்சடிச்சிக் குடுக்கப் போறியா? அத்தைக்கு இருந்தா மருமவளுக்கும் வரும்பாங்க. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நோவு வந்துச்சி, போய்ட்டான்னு ரெண்டு வரி எழுது. போதும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேத்தி மேல் உள்ள அக்கறையில் சொன்னார். மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவள் மகள்தானே. தண்ணீர் கொண்டு வந்த என் மகள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“சின்ன தாத்தா, அத்த வேல போவும்னு தெரிஞ்சே மேனேஜர்கிட்ட சொன்னாங்க. நான் ஒரு மாப்ள வூட்டுக்கிட்ட சொல்லக் கூடாதா? அவங்க வேற யாரு வாயால கேட்டாலும் நாம மறச்சோம்னுதான் ஆவும். நானே குடுக்கறேன்.”

சித்தப்பா, “உங்க அத்தை மாரியே பேசுறா பாரு” என்று மாமாவிடம் முறையிட்டார். மாமா அந்த ஓராண்டில் முதல் முறையாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். மறுநாளே அவள் இந்தக் கட்டுரையின் படியை எடுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளையின் தாயார் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எங்கள் குடும்பத்துக்குத் தைரியம் சொல்லி அனுப்பிய புதுச்சேரி மருத்துவர்கள், செவிலியர்கள். விக்கிரவாண்டியில் மாவுக் கையோடு ஓடி வந்த மாஸ்டர். அவர் இப்போது கடை மாறிவிட்டார் என்றார்கள், தேடிக்கொண்டிருக்கிறேன். பிரம்மதேசம் பக்கத்து அந்த அம்மா. எல்லாவற்றையும் கேட்டறிந்த பின்னும் சாவி கொடுத்த மேலாளர் ஐயா. ஓய்வு பெற்றும் அக்காவின் இறுதி ஊர்வலத்துக்குத் தள்ளாமையோடு வந்து, தோள் கொடுக்க முடியாவிட்டாலும் பாடையைத் தொட்டுக்கொண்டு நடந்த தலைமைக் காசாளர் ஐயா. கிளை நண்பர்கள். கடைசி ஆண்டுகளில் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திக் காத்திருந்த தெருக்காரத் தம்பி. ஒரு நாளும் ‘இன்னும் எத்தனை நாளைக்கு’ என்று கேட்காத மாமா. எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம். விடுபட்டவர்கள் என் மறதியைப் பொறுத்தருள வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இந்த வரியை எழுதும் வரை பதில் வரவில்லை. அச்சகத்தில் கெடு வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் பொறுக்கலாமா என்று மகளிடம் கேட்டேன்.

“வந்தா வருது, வராட்டி போவுதுப்பா. குடுத்துடுங்க” என்றாள்.

கொடுத்துவிட்டேன்.

அக்காவின் தம்பி,
திண்டிவனம்